மாஸ்கோ தூதரகத்து நோட்டீஸ் போர்டு

1988 டிசம்பர் 5. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் இருந்த அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. இன்னும் இரண்டு வாரத்துக்குள், ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டிலிருந்து அமெரிக்கா கிளம்பும் பான் ஆம் விமானம் ஒன்று தகர்க்கப்படும். பின்லாந்துப் பெண் ஒருத்தி, தான் சுமப்பது இன்னதென்று தெரியாமலே குண்டை எடுத்துப் போவாள் என்றது குரல். தகவல் விமானப் பாதுகாப்பு அதிகாரிகளுக்குப் போனது. அவர்கள் விமான நிறுவனத்துக்குச் சொன்னார்கள், தூதரகங்களுக்கும் சொன்னார்கள். டிசம்பர் 13 அன்று மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரகம் அதைத் தட்டச்சு செய்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியது. தகவல் உறுதியாகவில்லை, பயணத்தை மாற்றிக்கொள்வது அவரவர் விருப்பம் என்றும் அந்தத் தாளில் எழுதியிருந்தார்கள்.

எட்டு நாள் கழித்து, லண்டனிலிருந்து நியூயார்க் புறப்பட்ட பான் ஆம் 103 ஸ்காட்லாந்தின் லாக்கர்பி என்ற சிற்றூருக்கு மேலே வெடித்துச் சிதறியது. பிராங்க்பர்ட்டில் தொடங்கிய பயணம் அது. விமானத்தில் இருந்த 259 பேரும், கீழே வீடுகளில் இருந்த 11 பேரும் இறந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த சிராக்யூஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மட்டும் 35 பேர். டிக்கெட் விற்ற இடத்தில் அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

பின்லாந்துக் காவல்துறை விசாரித்த வரையில் ஹெல்சிங்கி அழைப்பு வெறும் புரளி. உண்மையான குண்டு ஒரு ரேடியோ கேசட் பிளேயருக்குள், அது ஒரு சூட்கேசுக்குள். பெண் யாரும் சுமந்து வரவில்லை. புரளியும் படுகொலையும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே மாதத்தில் வந்து விழுந்தன, அவ்வளவுதான். ஆனால் இறந்தவர்களின் குடும்பங்கள் இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. ஏற்காததில் நியாயம் இருந்தது. தகவல் மெய்யா பொய்யா என்பது அவர்கள் கேள்வியே அல்ல. உறுதியாகாத அதே தகவலை வைத்துக்கொண்டு ஏறலாமா வேண்டாமா என்று யோசிக்க மாஸ்கோவில் இருந்தவருக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது, எங்கள் பிள்ளைக்கு ஏன் கிடைக்கவில்லை என்றுதான் கேட்டார்கள். 1989-ல் அமெரிக்க அதிபர் அமைத்த ஆணையமும், அடுத்த ஆண்டு வந்த விமானப் பாதுகாப்புச் சட்டமும் அந்தக் கேள்விக்கு இறங்கி வந்தன. விமானங்களுக்கு வரும் மிரட்டலை அரசு தன் ஆட்களில் சிலருக்கு மட்டும் சொல்லி, மற்ற பயணிகளிடம் மறைக்கக் கூடாது என்பது விதியானது.

எச்சரிக்கையைப் பற்றி ஆராயும் ஒரு துறையே இருக்கிறது. சமூகவியலாளர்கள், உளவியலாளர்கள், தகவல் தொடர்புப் பொறியாளர்கள் எல்லோரும் அதில் உண்டு. அவர்களில் பலர் அபாயத்தை எப்படி அளப்பது என்பதிலிருந்து தொடங்குவார்கள். எனக்கென்னவோ அந்த நோட்டீஸ் போர்டிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று படுகிறது. யாருக்குச் சொன்னார்கள், கேட்டவர் அதை வைத்து என்ன செய்ய முடிந்தது? பயங்கரவாத எச்சரிக்கைகள் தவறிய இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் தவறியிருக்கின்றன.

நமக்குப் பழகிய எச்சரிக்கை புயல் எச்சரிக்கை. கடலூரிலும் நாகையிலும் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள்; 1 முதல் 11 வரை எண் உண்டு. அது கப்பல் ஓட்டுபவருக்கான மொழி. செய்தியில் ‘மூன்றாம் எண் கூண்டு’ என்று கேட்டால் கரையில் இருக்கும் நமக்கு விளங்குவது எண் கூடினால் ஆபத்தும் கூடும் என்பது மட்டுமே. 11-க்குப் பொருள் என்ன தெரியுமா? புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துபோயிற்று என்பது. எவ்வளவு நேர்மையான எண்! ‘எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்று சொல்வதற்குப் பயங்கரவாத எச்சரிக்கையில் எந்த நாடும் ஒரு எண் வைத்ததாக நான் பார்த்ததில்லை.

புயலையும் குண்டையும் ஒரே கூண்டில் ஏற்ற முடியாது என்பதும் உண்மை. புயல் வானொலி கேட்காது. பயங்கரவாதி கேட்பான். ரயில் நிலையத்தில் காவல் போட்டால் சந்தைக்குப் போவான், இந்த வாரம் உஷார் என்றால் அடுத்த மாதம் வருவான். புயல் பற்றிய தகவல் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. சதி பற்றிய தகவல் பெரும்பாலும் ஒரு மனிதனிடமிருந்து வருகிறது, அதிகம் சொன்னால் அவன் உயிர் போகும். மூன்றாவது வித்தியாசம்தான் மிகவும் வில்லங்கமானது. ‘புலி வருது’ கதையில் ஓடிவந்த ஊரார் புலி இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தார்கள். இங்கே எச்சரிக்கைக்குப் பிறகு ஒன்றும் நடக்காவிட்டால், புலி வரவே இல்லையா, ஆள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போயிற்றா என்று ஒருநாளும் தெரியாது. தடுக்கப்பட்ட தாக்குதலும் பொய்யான தகவலும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். தப்பு செய்தால் தெரிந்துகொண்டு திருத்திக்கொள்வதுதான் கற்பது. அந்தக் கல்வியே இங்கே அறுந்துபோகிறது.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் அமெரிக்கா நிறங்களைக் கொண்டுவந்தது. இரட்டைக் கோபுரத் தாக்குதல் முடிந்து ஆறு மாதம். 2002 மார்ச் 12 அன்று உள்நாட்டுப் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த டாம் ரிட்ஜ் ஐந்து பட்டை போட்ட ஒரு அட்டையை மக்கள் முன் வைத்தார். பச்சை என்றால் அபாயம் குறைவு, நீலம் என்றால் பொதுவான கவனம், பிறகு மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் சிவப்பு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒன்பது ஆண்டு ஆயுளில் நாடு முழுவதற்குமான நிலை ஒரு முறைகூட மஞ்சளுக்குக் கீழே இறங்கவில்லை. சிவப்பு ஒரே ஒரு தடவை வந்தது, 2006 ஆகஸ்டில், பிரிட்டனிலிருந்து வரும் விமானங்களுக்கு மட்டும். திரவ வெடிபொருளைப் பாட்டிலில் கொண்டுவரும் சதி பிடிபட்ட நேரம் அது. அதன் பிறகு விமான நிலையங்களுக்கு ஆரஞ்சு என்று வைத்தார்கள், அட்டையைத் தூக்கிப்போடும் வரை அது ஆரஞ்சாகவே இருந்தது. ‘தற்போதைய அபாய நிலை ஆரஞ்சு’ என்று ஒலிபெருக்கியில் பதிவுக் குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். கோவில் திருவிழாவில் ‘பிக்பாக்கெட் ஜாக்கிரதை’ அறிவிப்பைக் கேட்பது போலப் பயணிகள் அதைக் கேட்டார்கள், அதாவது கேட்கவே இல்லை.

நிறம் ஏன் இறங்கவில்லை? அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். ஆரஞ்சை மஞ்சளாக்கினீர்கள், மறுநாள் குண்டு வெடித்தது என்றால் உங்கள் கதை முடிந்தது. ஆரஞ்சிலேயே வைத்திருந்தீர்கள், ஒன்றும் நடக்கவில்லை என்றால் யாரும் உங்களைக் கேட்கப்போவதில்லை. ஏறுவதற்கு ஒரு காரணம் போதும், இறங்குவதற்குத் துணிச்சல் வேண்டும்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வந்த சிக்கல்: திரையில் தெரியும் புள்ளி எதிரி விமானமா, பறவைக் கூட்டமா? சந்தேகம் வந்தாலே மணியடித்தால் எந்த விமானமும் தப்பாது, ஆனால் பறவைக்கெல்லாம் மணியடிக்கும். உறுதியானால்தான் மணி என்றால் நிம்மதி கிடைக்கும், ஒருநாள் குண்டும் விழும். இரண்டு தவறையும் ஒரே சமயத்தில் குறைக்க வேண்டுமானால் ரேடார் மேம்பட வேண்டும். மணியடிக்கும் எல்லையை மட்டும் நகர்த்தினால் ஒன்று குறையும்போது மற்றது கூடும். அரிதான ஆபத்தில் நிலைமை இன்னும் மோசம். ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன், எண்கள் என் கற்பனை. ஆயிரம் துப்பு வருகிறது, அதில் ஒன்றே ஒன்று மெய். மெய்யை 100-க்கு 99 தடவை சரியாகப் பிடித்துவிடும், பொய்யை 100-க்கு 5 தடவை மட்டுமே மெய் என்று ஏமாறும் கெட்டிக்கார அதிகாரி ஒருவர் அவற்றைப் பார்க்கிறார். மீதி 999 பொய்யில் சுமார் 50-ஐ அவர் மெய் என்பார். ஆக 51 எச்சரிக்கை, அதில் மெய் ஒன்று. அவ்வளவு கெட்டிக்காரர் எந்த உளவுத்துறையிலும் இருக்க மாட்டார். எனவே பொய் எச்சரிக்கை வருவது யாருடைய கையாலாகாத்தனமும் அல்ல. அதை ஒப்புக்கொள்ளாமல் அட்டையை ஆரஞ்சில் ஆணியடித்து வைப்பதுதான் தவறு.

2003 பிப்ரவரி 7 அன்று நிலை ஆரஞ்சுக்கு ஏறியது. மக்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். மூன்று நாளைக்குத் தண்ணீர், உணவு, அதோடு ஜன்னலை அடைக்கப் பிளாஸ்டிக் தாளும் டக்ட் டேப்பும் வாங்கி வையுங்கள் என்று சில நாளில் பதில் வந்தது. ஹார்டுவேர் கடைகளில் டேப் தீர்ந்துபோனது. தொலைக்காட்சி நகைச்சுவையாளர்களுக்கு ஒரு வருடத்துக்குத் தீனி கிடைத்தது. விஷவாயுத் தாக்குதல் நேர்ந்தால் ஒரு அறையை அடைத்துக்கொண்டு சில மணி நேரம் இருப்பது அறிவியல் ரீதியாகச் சரியான யோசனைதான். ஆனால் எந்த ஊரில், எப்போது, எந்த அடையாளத்தைப் பார்த்ததும் அடைப்பது என்று யாரும் சொல்லவில்லை. கையில் டேப்பும் மனதில் பயமும் மிஞ்சின.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் முதல் தடவையாக இடத்தைச் சொன்னார்கள்: நியூயார்க், நியூ ஜெர்சியின் வடபகுதி, வாஷிங்டன் ஆகிய இடங்களில் உள்ள நிதி நிறுவனங்கள். முன்னேற்றம்தான். ஆனால் ஆதாரமாகக் கிடைத்த வேவுக் குறிப்புகள் சில ஆண்டுகள் பழையவை, இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கும் முந்தையவை என்பது ஓரிரு நாளில் வெளியே வந்தது. அது தேர்தல் ஆண்டு வேறு. அதே 2004-ல் ராப் வில்லர் என்ற சமூகவியலாளர் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒவ்வொரு எச்சரிக்கைக்குப் பிறகும் அதிபர் புஷ்ஷின் செல்வாக்கு சராசரியாக மூன்று புள்ளிக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்திருந்தது. தேர்தலுக்கு முந்தைய நாட்களில் நிலையை உயர்த்தச் சொல்லி சக அமைச்சர்கள் வற்புறுத்தினார்கள், தான் இணங்கவில்லை, இது பாதுகாப்பா அரசியலா என்று தனக்கே கேள்வி எழுந்தது என்று ரிட்ஜ் பிறகு தன் நினைவு நூலில் எழுதினார். எச்சரிக்கை என்பது கடன் போல. நம்பிக்கையை அடகு வைத்து வாங்குவது. ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால் அடுத்த தடவை உண்மையைச் சொன்னாலும் வட்டி அதிகம் கேட்பார்கள்.

சொற்களிலும் ஒரு குழி இருக்கிறது. 1951-ல் அமெரிக்க உளவு அமைப்பு, யூகோஸ்லாவியா மீது படையெடுப்பு நடக்கத் ‘தீவிரமான சாத்தியம்’ உண்டு என்று அறிக்கை எழுதியது. அதை எழுதிய குழுவில் இருந்த ஷெர்மன் கென்ட் பின்னர் தன் சகாக்களிடம் கேட்டார்: அந்தச் சொல்லுக்கு நீங்கள் மனதில் வைத்த எண் என்ன? ஒருவர் 100-க்கு 20 என்றார், இன்னொருவர் 80 என்றார். ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே வாக்கியத்துக்கு ஒப்புதல் கொடுத்தவர்கள்! ‘உயர்வு’, ‘கடுமை’, ‘மிகக் கடுமை’ என்று படிப்படியாக அடுக்கும் அரசுகள் பொதுமக்கள் எல்லோரும் அதை ஒரே மாதிரி அளப்பார்கள் என்று எப்படி நம்புகின்றன என்பது எனக்குப் புரியவில்லை. தமிழில் இந்த ஆபத்து இரட்டிப்பு. நம்முடைய ‘லாம்’ விகுதி ஒரு மாயாவி. ‘போகலாம்’ என்றால் அனுமதி, அழைப்பு, வாய்ப்பு மூன்றும். ‘தாக்குதல் நடக்கலாம்’ என்று செய்தி வாசிப்பவர் சொன்னால் அது 100-க்கு 2-ஆ 60-ஆ? கேட்பவரின் குணத்தைப் பொறுத்து.

அதிகாரிகள் தகவலை வெளியே விடத் தயங்குவதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: மக்கள் பீதியடைந்துவிடுவார்கள். என்ரிகோ குவாரன்டெல்லி என்ற சமூகவியலாளர் பேரிடர்களைப் பற்றித் தன் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். 1963-ல் தொடங்கிய பேரிடர் ஆய்வு மையத்தின் நிறுவனர்களில் ஒருவர். வெள்ளம், சூறாவளி, தீ, வெடிவிபத்து என்று களத்துக்கே ஆளனுப்பிப் பார்த்ததில் அந்தக் குழுவினர் கண்டது, சினிமாவில் வருவது போல ஒருவரை ஒருவர் மிதித்து ஓடும் பீதி மிக மிக அரிது என்பது. ஆபத்தில் மனிதர் முதலில் தேடுவது தன் குடும்பத்தை, அடுத்து பக்கத்து வீட்டை. இன்னும் சொல்லப்போனால் பிரச்சினை நேர்மாறானது. எச்சரிக்கை கேட்டதும் மக்கள் ஓடுவதில்லை, நின்று யோசிக்கிறார்கள். 2023-ல் இந்தியா முழுக்கக் கைபேசிகளில் அவசரச் செய்திச் சோதனை நடந்தபோது நான் ஒரு டீக்கடையில் இருந்தேன். அத்தனை போனும் ஒரே நேரத்தில் அலறியது. யாரும் ஓடவில்லை. “உங்க போன்லயும் வந்துச்சாண்ணே?” என்று ஒருவர் கேட்டார். “வந்துச்சுப்பா, ஏதோ டெஸ்டிங்காம்” என்றார் அடுத்தவர். டீ ஆறுவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. பயம் வேறு வழியில் கொல்லும். இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு விமானத்துக்கு அஞ்சிக் காரில் போன அமெரிக்கர்களில், அடுத்த ஓராண்டில் சுமார் 1,500 பேர் கூடுதலாகச் சாலையில் இறந்தார்கள் என்று ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் கணக்கிட்டார். இன்னதைச் செய் என்று சொல்லாத அச்சம் தானாக ஒரு வழியைத் தேடிக்கொள்ளும்.

டீக்கடையில் நடந்த அந்த விசாரிப்பை ஆய்வாளர்கள் முக்கியமாக எடுத்துக்கொள்கிறார்கள். எச்சரிக்கைக்கும் செயலுக்கும் நடுவே மனிதர் கட்டாயம் செய்வது அது: நிஜமா, எனக்கா, மற்றவர் என்ன செய்கிறார்? டென்னிஸ் மிலெட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதை வைத்து ஒரு எளிய விதி சொன்னார். செய்தியில் ஐந்து விஷயம் இருந்தால் அந்த விசாரிப்பு நேரம் சுருங்கும்: யார் சொல்கிறார்கள், என்ன ஆபத்து, எந்த இடம், எதுவரை, என்ன செய்ய வேண்டும். ஐந்தில் ஒன்று குறைந்தால் மக்கள் அதைத் தேடிப் போவார்கள், நேரம் போகும். நிறப்பட்டையை இந்த ஐந்தோடு ஒட்டிப் பாருங்கள். முதலாவது மட்டும்தான் அதில் இருந்தது.

இடத்தைச் சொல்வது எவ்வளவு கூர்மையான கத்தி என்பதை அயர்லாந்துத் தீவிரவாதிகளின் குண்டுகள் காட்டின. அவர்களிடம் விசித்திரமான ஒரு வழக்கம் இருந்தது: குண்டு வைப்பவர்களே முன்கூட்டிப் போன் செய்து, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ரகசியச் சொல்லோடு எச்சரிப்பார்கள். 1996 ஜூன் 15, சனிக்கிழமை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகர மையத்தில் நின்ற ஒரு வேனைப் பற்றிக் காலையில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துக்கு அழைப்பு வந்தது. ஒன்றரை மணி நேரத்தில் 75,000 பேருக்கு மேல் வெளியேற்றினார்கள். 11.17-க்கு வெடித்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் காயம், கட்டடங்கள் நாசம், ஒருவரும் சாகவில்லை. இரண்டு ஆண்டு கழித்து 1998 ஆகஸ்ட் 15, வட அயர்லாந்தின் ஓமா. அன்றும் சனிக்கிழமை, அன்றும் எச்சரிக்கை வந்தது. நீதிமன்றம் என்றும் மெயின் ஸ்ட்ரீட் என்றும் சொன்னார்கள். அந்தப் பெயரில் ஊரில் தெருவே இல்லை. காவலர்கள் நீதிமன்றத்தைச் சுற்றி இருந்தவர்களை மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் நகர்த்தினார்கள். குண்டு வைத்த கார் அங்கேதான் நின்றது. 29 பேர் செத்தார்கள்; அவர்களில் ஒரு பெண்ணின் வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். மக்கள் எச்சரிக்கையைக் கேட்டார்கள், கீழ்ப்படிந்தார்கள், அதனாலேயே இறந்தார்கள். இடம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்வதே மேல் என்று இதைப் படித்தபின் தோன்றும். தெரிந்திருந்தும் சொல்லாமல் இருப்பதை மான்செஸ்டருக்குப் பிறகு மன்னிக்கவும் தோன்றாது.

இப்போது கையில் போன் இருக்கிறது. எஸ்.எம்.எஸ். அனுப்புவது தபால்காரர் வீடு வீடாகப் போவது போல. எண்ணும் தெரிய வேண்டும், நெரிசலில் தாமதமும் ஆகும். செல் பிராட்காஸ்ட் தண்டோரா போல. ஒரு கோபுரத்திலிருந்து ஒரே தடவை அடிக்கும் ஒலி, அந்த எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போனிலும் கேட்கும். யார் எண் என்ன என்பது கோபுரத்துக்குத் தெரிய வேண்டியதே இல்லை, ஊருக்குப் புதிதாக வந்தவருக்கும் கேட்கும். இடத்தைச் சுருக்கிச் சொல்ல இதைவிட நல்ல கருவி இன்று இல்லை. இதில் நமக்கு ஒரு சங்கடம் உண்டு. செல் பிராட்காஸ்டின் ஒரு ‘பக்கத்தில்’ ஆங்கில எழுத்து 93 கொள்ளும். தமிழுக்கு யூனிகோட் வேண்டும், அதில் 41 குறியீடுதான். ‘கொ’ என்று எழுதினாலே இரண்டு போய்விடும். பல பக்கங்களைக் கோத்து அனுப்ப வழி உண்டு. ஆனால் தமிழில் எச்சரிக்கை எழுதுகிறவர் திருக்குறள் எழுதுகிறவரைப் போலத்தான் சொல்லை எண்ண வேண்டியிருக்கும்.

குறுக்கினால் என்ன ஆகும் என்பதை 2016 செப்டம்பரில் நியூயார்க் காட்டியது. செல்சி பகுதியில் குண்டு வெடித்த இரண்டாம் நாள் லட்சக்கணக்கான போன்களுக்கு ஒரு செய்தி போனது: தேடப்படும் ஆளின் பெயர், வயது 28, ஆண், படத்துக்கு ஊடகங்களைப் பாருங்கள், கண்டால் அழையுங்கள். 90 எழுத்துக்கு மேல் அப்போது இடமில்லை, படத்துக்கும் இடமில்லை. மிஞ்சியது ஒரு முஸ்லிம் பெயரும் ஒரு வயதும். சுரங்க ரயிலில் அன்று காலை அந்த வயதில், அந்தச் சாயலில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் மேலும் எத்தனை பார்வை விழுந்திருக்கும்!

ஹவாய்க் கதை வேறு விதம். 2018 ஜனவரி 13 காலை 8.07-க்கு, ஏவுகணை வருகிறது, உடனே பதுங்குங்கள், இது ஒத்திகை அல்ல என்று எல்லாப் போனிலும் வந்தது. ஒத்திகையை நிஜம் என்று நினைத்த ஓர் ஊழியரின் தவறு. இடம், ஆபத்து, செயல் எல்லாம் சொன்ன நல்ல செய்திதான், பொய் என்பதைத் தவிர. அதே போன்களுக்குத் திருத்தம் வர 38 நிமிடம் ஆயிற்று. ஆளுநருக்கு உண்மை சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் தன் ட்விட்டர் பாஸ்வேர்டு தனக்குத் தெரியாது என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். எச்சரிக்கையைக் கட்டியவர்கள் அதைத் திரும்பப் பெறும் வழியைக் கட்டவில்லை. வாசலுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும் போட்ட வீடு.

நிறப்பட்டையை 2011 ஏப்ரலில் எடுத்துவிட்டு வேறொரு முறை வைத்தார்கள். நிரந்தர நிலை என்று எதுவும் கிடையாது. உறுதியான தகவல் வந்தால் மட்டும் எச்சரிக்கை. அதில் என்ன தெரியும், யாருக்கு, என்ன செய்யலாம் என்பதெல்லாம் இருக்கும். காலாவதித் தேதியும் இருக்கும். பால் பாக்கெட்டில் போடுவது போல எச்சரிக்கைக்குத் தேதி போட்டதுதான் அதில் எனக்கு மிகவும் பிடித்தது. இறங்கத் துணிச்சல் வேண்டிய நிலை போய், நீட்டிப்பதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டும் என்றானது. ஆனால் ஊசல் மறுகோடிக்குப் போனது. 2015 டிசம்பர் வரை ஒரு எச்சரிக்கைகூட வெளியாகவில்லை. அந்த மாதத் தொடக்கத்தில் சான் பெர்னார்டினோவில் 14 பேர் கொல்லப்பட்ட பிறகு, எச்சரிக்கைக்கும் மௌனத்துக்கும் நடுவில் ‘செய்தி மடல்’ என்று ஒரு படியைச் சேர்த்தார்கள். பிரிட்டனிலோ 2006 முதல் ஐந்து படி நிலையை வெளியிடுகிறார்கள். 2017 மே மாதம் மான்செஸ்டர் அரங்கில் குண்டு வெடித்தபோது நிலை நான்காம் படியில் இருந்தது, ஐந்தாம் படிக்கு ஏறியது மறுநாள். அந்தப் படிகள் காவல்துறைக்குப் பயன்படும். அரங்குக்குப் பாட்டு கேட்கப் போன பெண்ணுக்கு நான்காம் படியில் செய்ய வேண்டியது என்ன?

இதையெல்லாம் படிக்கும்போது என் மனம் போய் நிற்பது கொழும்பில்.

2019 ஏப்ரல் 4 அன்று இந்திய உளவுத்துறை இலங்கைக்குத் தகவல் கொடுத்தது. சஹ்ரான் ஹாஷிம் என்ற பெயர், தற்கொலைத் தாக்குதல் என்ற முறை, கத்தோலிக்கத் தேவாலயங்களும் இந்தியத் தூதரகமும் இலக்காகலாம் என்ற குறிப்பு. மிலெட்டியின் ஐந்தில் பெரும்பகுதி அதில் இருந்தது. ஏப்ரல் 11 அன்று காவல்துறைத் துணைத் தலைவர் ஒருவர் அதைக் குறிப்பாக எழுதி, முக்கியப் பிரமுகர்களுக்குக் காவல் தரும் பிரிவுகளுக்கு அனுப்பினார். ஏப்ரல் 16 அன்று காத்தான்குடிக்கு அருகே ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்தது, அது வெள்ளோட்டம். மாஸ்கோ நோட்டீஸ் போர்டு போலத் தகவல் மேல்மாடியிலேயே சுற்றியது. பெரிய தேவாலயங்களுக்குப் போகாதே என்று உளவு அதிகாரி ஒருவர் மூலம் அறிந்த தன் தந்தை எச்சரித்ததாக, அப்போது அமைச்சராக இருந்த ஹரின் பெர்னாண்டோ தாக்குதலுக்குப் பிறகு சொன்னார். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்கும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிக்கும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்கும் போனவர்களுக்கு அப்படி ஒரு தந்தை இல்லை. ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீயோனில் ஞாயிறு வகுப்புக்கு வந்த பிள்ளைகள் பலர்.

இதில் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்பது வேறொன்று. எச்சரிக்கை மேலிருந்து கீழே மட்டும் வருவதல்ல. சஹ்ரானைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே பல ஆண்டுகளுக்கு முன்பு அரசிடம் புகார் செய்திருந்தார்கள். 2017-ல் ஊருக்குள் மோதலும் நடந்தது. மக்கள் அரசை எச்சரித்தார்கள், அரசு மக்களை எச்சரிக்கவில்லை. குண்டு வெடித்த பிறகு, மே மாதத்தில், எரிந்தது முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும். 2023 ஜனவரி 12 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம், கிடைத்த தகவலை வைத்து நடவடிக்கை எடுக்கத் தவறியதற்காக முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. காவல், உளவு, பாதுகாப்புத் துறைகளின் தலைமையில் இருந்த நால்வருக்கும் தனித்தனித் தொகை விதித்தது.

வெளியே சொன்னால் துப்புக் கொடுத்தவருக்கு ஆபத்து, சதிகாரர் உஷாராவார்கள் என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லாமலே என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல முடியும். அந்த ஏப்ரலில் தமிழிலும் சிங்களத்திலும் ஒவ்வொரு ஆலயத்துக்கும் இப்படி ஒரு தாள் போயிருக்கலாம். நான் எழுதிப் பார்த்தேன்:

‘இலங்கைக் காவல்துறையின் அறிவிப்பு. தேவாலயங்களில் தற்கொலைக் குண்டுத் தாக்குதல் நடத்தச் சிலர் திட்டமிடுவதாகத் தகவல் உள்ளது. இடமும் நாளும் உறுதியாகத் தெரியவில்லை. ஏப்ரல் 30 வரை, கூட்டம் அதிகம் கூடும் ஆராதனைகளைத் தவிர்க்கவும். நடத்தினால் ஒரே வாசலைத் திறந்து, பைகளை வெளியே வைக்கச் சொல்லவும். சந்தேகம் எழுந்தால் 119-ஐ அழைக்கவும். யாரையும் நீங்களாகத் தாக்க வேண்டாம். இந்த அறிவிப்பு ஏப்ரல் 30 இரவோடு காலாவதியாகும். நீட்டித்தால் காரணத்தோடு அறிவிப்போம்.’

முன்பே தெரிந்திருந்தால் ஆராதனைகளை ரத்து செய்திருப்பேன் என்று கொழும்புப் பேராயர் பின்னர் சொன்னார். அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 28, மறுபடியும் தாக்குதல் வரக்கூடும் என்ற எச்சரிக்கை இந்தத் தடவை எல்லோர் காதுக்கும் எட்டியிருந்தது. கத்தோலிக்க ஆலயங்களில் ஞாயிறு திருப்பலி நடக்கவில்லை. பேராயர் தன் இல்லத்துச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றினார். மக்கள் வீட்டில் தொலைக்காட்சியின் முன் முழந்தாளிட்டார்கள்.